மஞ்சள் வைக்குமுன் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக்கு எடுத்துக் கொடுத்த துணி அளவு சேராமல் பீரோவில் முடங்குவதற்கு விலையோ தரமோ முதல் காரணம் அல்ல. திருநெல்வேலி டவுணில் ஜவுளி, தையல், செருப்பு வியாபாரத்தில் இருக்கும் நாங்கள் பார்த்தவரை மஞ்சள்தான் முதல் காரணம்.

சாமி முன்னால் வைத்து, மூலையில் மஞ்சள் தொட்ட பிறகுதான் கோடித் துணியை உடுத்த வேண்டும், அதற்கு முன் போட்டுப் பார்த்தால் பழசாகிவிடும் என்று கவரைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பையன் சட்டையை மாட்டும்போதுதான் தோள் முழங்கையை நோக்கி இறங்குவது தெரிகிறது. மூன்று நாள் கழித்துக் கடைக்கு வரும்போது துணியில் மஞ்சள் இருக்கிறது, விலைச்சீட்டு கிழித்தாகிவிட்டது, பில் போன இடம் தெரியவில்லை. மஞ்சள் பட்டதை இன்னொருவருக்கு விற்க முடியாது என்று கடைக்காரர் சொன்னால் அவரைக் கோபித்துப் பயனில்லை.

வழக்கத்தை விடச் சொல்லவில்லை. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போதே விலைச்சீட்டைக் கிழிக்காமல், பனியனுக்கு மேல் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வையுங்கள். மஞ்சள் வைப்பதைப் பண்டிகை அன்று காலையில் வைத்துக்கொள்ளலாம். வைக்கிற இடத்துக்கும் கணக்கு உண்டு. சட்டைக்கு முன்பக்கக் கீழ்மடிப்பின் உள்புறம். வேட்டிக்கு உள்ளே போகிற மூலை. சேலைக்கு இடுப்பில் செருகுகிற முனை, முந்தியில் வேண்டாம். குங்குமத்தைத் துணியில் வைக்கவே வேண்டாம், அதன் சாயம் போகாது. மஞ்சள் பட்ட வெள்ளைச் சட்டைக்கு சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறும். சோப்பில் உள்ள காரத்தால் வருகிற நிறம் அது. பயந்துபோய் பிளீச்சிங் பவுடரைப் போட்டுத் துணியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நன்றாக அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக வெளுத்துவிடும்.

இரண்டாவது காரணம் ஆடித் தள்ளுபடி. ஆடியில் விலை குறையும்போது தீபாவளிக்கும் சேர்த்து எடுத்து வைப்பது சிக்கனம்தான். ஆனால் ஐப்பசி வருவதற்கு நடுவில் ஆவணி, புரட்டாசி என்று இரண்டு மாதம் கிடக்கிறது. மாற்றித் தருகிற கெடு ஏழு நாளோ பதினைந்து நாளோ, பில் போட்ட தேதியிலிருந்துதான் ஓடும். துணியைப் பெற்றுக்கொள்பவர் கவரைப் பிரிப்பதற்குள் கெடு முடிந்து மாதக்கணக்கு ஆகியிருக்கும். போதாக்குறைக்குத் தள்ளுபடி பில்லில் ‘மாற்ற இயலாது’ என்று ஒரு முத்திரையும் விழுந்திருக்கும். ஆடியில் எடுக்க நினைப்பவர்கள் அளவு பார்க்க வேண்டாதவற்றை எடுங்கள்: வேட்டி, துண்டு, சாரம் (கைலி), சேலை, போர்வை. பிள்ளைகளுக்கான ரெடிமேடு ஐப்பசிக்கே இருக்கட்டும். நான்கு முதல் பத்து வயது வரை பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிறார்கள். மூன்று மாதத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை ஆகும்.

அதற்காக இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பதும் சரியல்ல. நீளம் கூடினால் மடித்துத் தைக்கலாம், இடுப்பு கூடினால் பிடிக்கலாம். தோள் கூடினால் கை முழுவதையும் பிரித்து மறுபடி வெட்டித் தைக்க வேண்டும். அதற்குக் கேட்கிற கூலிக்கு இன்னொரு சட்டையே எடுத்துவிடலாம். ஒரு சைஸ் கூட, அதுவும் தோள் பொருந்தினால் மட்டும்.

சென்னையிலோ துபாயிலோ இருக்கிற மாமாவும் சித்தியும் ‘பையனுக்கு எத்தனை வயசு?’ என்று கேட்டுத் துணி எடுக்கிறார்கள். வயது ஓர் அளவே இல்லை. இப்போது அவன் போடுகிற சட்டைகளில் சரியாகப் பொருந்துகிற ஒன்றைத் தரையில் விரித்து, பட்டன் எல்லாம் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவிக்கொள்ளுங்கள். ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை, ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை, காலருக்கு அடியிலிருந்து கீழ்விளிம்பு வரை டேப் வைத்து மூன்று அளவு எடுத்து, சென்டிமீட்டரில் எழுதி, டேப் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவோடு அனுப்புங்கள். இது சட்டையின் அளவு, உடம்பின் அளவு அல்ல என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 38 அங்குல மார்புள்ளவரின் சட்டையைச் சுற்றி அளந்தால் 42, 43 வரும். அதை உடம்பளவு என்று நினைத்துக் கடைக்காரர் எடுத்துத் தருகிற சட்டை கூடாரம் போல இருக்கும். எஸ், எம், எல் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. அந்த எழுத்தோடு சென்டிமீட்டர் அளவும் சீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி, பாதிப் பேர் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

துணியாகக் கொடுப்பவர்கள் மீட்டரில்தான் ஏமாறுகிறார்கள். 58 அங்குல அகலத் துணியில் நடுத்தர உடம்புக்கு முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், பேன்ட்டுக்கு 1.20 முதல் 1.30 மீட்டர். கதர், கைத்தறி போல 36 அங்குல அகலத்தில் வருகிற துணி என்றால் சட்டைக்கே 2.25 முதல் 2.50 மீட்டர் ஆகும். பெட்டியில் ஜோடியாக வருகிற பேன்ட், சட்டைத் துணி நடுத்தர உடம்புக்கு அளந்தது. மாமனார் கொஞ்சம் பெரிய உடம்பு என்றால் அந்தப் பெட்டி அவருக்கு ஆகாது, தையற்காரர் சட்டைக்குக் கை வெட்டும்போது துணி பற்றாது. பருத்தித் துணியை வெட்டுமுன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டு அப்புறம் கொடுங்கள். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பாகம் சுருங்கும். ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கிற லைனிங் துணியையும் இப்படி நனைக்க வேண்டும். மேல்துணி அப்படியே நிற்க லைனிங் மட்டும் சுருங்கினால் முதல் சலவையிலேயே முதுகில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும்.

பெண் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கொடுப்பதாக இருந்தால், தைக்கிற இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வருடம் கூடுதலாக உழைக்கும். பாவாடையின் நீளத்தில் முக்கால் அங்குல மடிப்பு ஒன்று வைத்தால் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே போகும். இரண்டு மடிப்பு வைத்தால் மூன்று அங்குலம், ஏறக்குறைய இரண்டு வருட வளர்ச்சி. பலர் அந்த மடிப்பைக் கரைக்குச் சற்று மேலே வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த வருடம் பிரிக்கும்போது மடிப்புக்குள் இருந்த பட்டு புது நிறத்திலும், வெளியே இருந்தது வெளுத்தும், நடுவில் ஊசித் துளைகள் வரிசையாகவும் தெரியும். பட்டில் ஊசி போன தடம் மறையாது. அதனால் மடிப்பை மேலே, பாடி என்கிற மேல்பகுதியோடு பாவாடை சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில், உள்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். கொசுவத்துக்குள் தடம் ஒளிந்துகொள்ளும். மெஷின் தையல் வேண்டாம், கையால் நீள நீளமாக ஓட்டுத் தையல் போதும். பிரிப்பதும் சுலபம். பாடியின் பக்கத் தையலில் இரண்டு புறமும் முக்கால் அங்குலம் விடச் சொல்வதையும் மறக்கக் கூடாது. பாவாடை இறங்கி, பாடி பிடித்துக்கொண்டால் என்ன பிரயோசனம்?

பட்டு என்று கொடுப்பது பட்டுதானா என்று பார்க்க ஓர நூல் இரண்டை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பட்டு மெதுவாக எரியும், முடி பொசுங்கும் வாசம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். கடையில் வைத்து இதைச் செய்ய முடியாதவர்கள் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது 2004இல் மத்திய பட்டு வாரியம் கொண்டுவந்தது. பட்டுக்குத்தான் அது உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. முஸ்லிம் நண்பருக்குப் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை எடுக்காதீர்கள். ஆண்கள் பட்டு உடுத்துவது அவர்கள் மார்க்கத்தில் இல்லை. நல்ல பருத்திக் கைலியோ சட்டைத் துணியோ கொடுக்கலாம். துணியாகக் கொடுப்பதென்றால் நோன்பு தொடங்குமுன் கொடுத்துவிட வேண்டும். மேலப்பாளையத்தில் நோன்பு பாதி ஆகும்போதே பெரும்பாலான தையற்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

வேட்டியில் சொல்ல அதிகமில்லை. நாலு முழம் கணக்குப்படி 1.83 மீட்டர், எட்டு முழம் 3.66 மீட்டர். சாரம் கொடுத்தால் மூட்டிக் கொடுங்கள். கோணலாக மூட்டிய சாரம் கட்டினால் ஒரு பக்கம் இறங்கியே நிற்கும், கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி வைத்து மூட்ட வேண்டும். கைத்தறி வேண்டுமென்றால் வீரவநல்லூரும் கல்லிடைக்குறிச்சியும் பக்கத்திலேயே இருக்கின்றன. கோ-ஆப்டெக்ஸிலும் தீபாவளியை ஒட்டித் தள்ளுபடி உண்டு.

சேலைக் கடையில் ஒரு கேள்வி உண்டு: ‘கட்டுறதுக்கா, கொடுக்கிறதுக்கா?’ கொடுக்கிறதுக்கு என்றால் வேறு அலமாரி திறக்கும். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் மதினியின் அம்மாவுக்கும் போகிற சேலைகள் அந்த அலமாரியிலிருந்துதான் வருகின்றன. விலை குறைவாக இருப்பது குற்றமில்லை, அளவு குறைவாக இருப்பதுதான் குற்றம். சேலை ஐந்தரை மீட்டர் இருக்க வேண்டும். ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர் சேர்ந்தால் 6.30 மீட்டர். அகலம் 44 அங்குலத்துக்குக் குறைந்தால் கொஞ்சம் உயரமான பெண்ணுக்குக் கணுக்கால் தெரியும். விரித்து அளந்து காட்டச் சொல்லுங்கள், எந்தக் கடையிலும் மறுக்க மாட்டார்கள். கொடுக்கும்போது ரவிக்கைக் கூலியும், ஓரம் அடித்து ஃபால்ஸ் வைக்கிற கூலியும் சேர்த்து ஒரு கவரில் வைத்துக் கொடுங்கள். சேலையை வாங்கிக்கொண்டு தையல் கூலி இல்லாமல் பண்டிகைக்குப் பழைய ரவிக்கையோடு கட்டுகிறவர்கள் நிறைய. தனியாகக் கொடுக்கிற 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியைப் பற்றிப் பேசவே வேண்டாம். கொலுவுக்குக் கொலு வீடு வீடாகச் சுற்றி, சில சமயம் கொடுத்தவர் கைக்கே திரும்பி வருகிறது.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல்படி (பொங்கல் சீர்) கொண்டுபோகும்போது துணியின் நிறத்தை அவள் வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு வீட்டில் கறுப்பு ஆகாது, இன்னொரு வீட்டில் வெள்ளை ஆகாது. அந்த வருடத்தில் துட்டி (சாவு) நடந்த வீடு என்றால் துணி எடுக்குமுன் அந்த வீட்டு ஆச்சி, தாத்தாவிடம் கேட்க வேண்டும். யார் முதலில் கோடி கொடுப்பது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறு.

இனி செருப்பு. நம் பக்கம் செருப்பைச் சீர்த்தட்டில் வைப்பதில்லை. குடையும் செருப்பும் காரியத்துக்குத் தானம் கொடுக்கிற பொருள் என்பதால் அந்தத் தயக்கம். அதனால் பணமாகக் கொடுத்து ‘நீயே எடுத்துக்கோ’ என்பார்கள். சம்பிரதாயத்தை விட்டுத் தள்ளினாலும் வியாபாரக் கண்ணுக்கு அதுவே சரியான வழி. காலைப் பார்க்காமல் செருப்பு எடுக்கக் கூடாது.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அளவை இப்படி வாங்குங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சுவரை ஒட்டித் தாளைப் போட்டு, குதிகால் சுவரில் முட்ட நிமிர்ந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி வைத்தால் பாதம் சுருங்கி நிற்கும். மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாக வைத்துக் குறியுங்கள். சிலருக்குக் கட்டை விரலைவிட இரண்டாவது விரல் நீளம். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் இருப்பது பெரும்பாலும் இங்கிலாந்து அளவு, ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் எட்டரை மில்லிமீட்டர். 25.4 சென்டிமீட்டர் பாதத்துக்கு 7 சரியாக வரும், கம்பெனியைப் பொறுத்து அரை சைஸ் முன்னே பின்னே இருக்கும். பிள்ளைகள் அளவு 13 வரை போய், மறுபடி 1 என்று தொடங்கும். ‘பாப்பாவுக்கு சைஸ் 1’ என்று போனில் சொன்னால் கைக்குழந்தைக்கா, எட்டு வயதுப் பிள்ளைக்கா என்று கடைக்காரர் விழிப்பார். சென்டிமீட்டரில் சொல்லிவிட்டால் குழப்பமில்லை. பிள்ளைகளுக்கு விரல் நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர், மிஞ்சினால் 12 மில்லிமீட்டர் இடம் போதும். ‘அடுத்த வருஷமும் ஆகும்’ என்று பெரிதாக எடுத்து நுனியில் பஞ்சு திணிப்பது வேண்டாம். ஷூ மடிகிற இடம் விரல் மடிகிற இடத்தில் வராது, குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த விலை உயர்ந்த ஷூவை ‘விசேஷத்துக்கு ஆகட்டும்’ என்று பெட்டியோடு மூன்று நான்கு வருடம் பீரோவில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எடுத்துப் போட்டு வாசல் தாண்டுமுன் அடிப்பாகம் பிஸ்கட் போல உதிரும். போலி ஷூ என்று கொடுத்தவரைத் திட்டுவார்கள், ஆனால் அது போலி அல்ல. பாலியூரித்தேன் என்கிற பி.யூ. சோல் காற்றிலுள்ள ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், போடாமல் அடைத்து வைத்தாலும் தப்பாது. ரப்பர் சோலுக்கு இந்த வியாதி இல்லை. பி.யூ. ஷூவைப் பரிசாகக் கொடுத்தால் ‘உடனே போடு’ என்று சொல்லிக் கொடுங்கள்.

தீபாவளியும் கிறிஸ்துமஸும் நமக்கு வடகிழக்கு மழையோடு வருகின்றன. ஒட்டு மட்டும் போட்ட ரப்பர் சோல் செருப்பு நான்கு மழையில் வாயைப் பிளக்கும். வாங்கின அன்றே செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றிலும் ஒரு தையல் போட்டுவிடுங்கள். தோல் ஷூ நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்குப் புது ஷூவை முதல் தடவையாக மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்கிற பிள்ளைகள் பாவம். ஒரு வாரம் முன்னால் தொடங்கி தினம் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளே சாக்ஸோடு நடக்கவிட்டால் கடிக்காது.

சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு மட்டும் செருப்பைச் சொல்லாமல் வாங்கிக் கொடுக்கவே கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் செருப்பு கடிப்பது தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். விரலிடுக்கில் வார் போகிற செருப்பு அவர்களுக்கு ஆகாது. பின்பக்கம் வார் உள்ள, முன்பக்கம் அகலமான, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்தது வேண்டும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், தையல் முடிச்சு விரலில் தட்டினால் வேறு எடுங்கள். ஆளையே கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் சரி.

மாற்றும்போது விலை வித்தியாசத்தில் ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு ஜோடி செருப்புக்கும், ரெடிமேடு ஒன்றுக்கும் 2,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. வரி சேர்க்காமல் 2,500 ரூபாய் ஷூ 2,625க்கு வரும். அதை 2,600 ரூபாய் ஷூவாக மாற்றினால் 3,068. நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு 443 ரூபாய் கேட்கிறார்களே என்று கவுன்டரில் சண்டை போடுவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள் எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. சாயம் போனது, தையல் விட்டது, சோல் பிரிந்தது எல்லாம் குறை. கடை மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ஆனால் அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பது குறை அல்ல. அதற்கு மாற்றித் தருவது கடையின் தயவு. அந்தத் தயவைத்தான் இங்கே கேட்கிறோம்.

பீடி சுற்றுகிறவர்கள், மில், கடை வேலையில் இருப்பவர்கள் கைக்குப் போனஸ் வருவது தீபாவளிக்குச் சில நாள் முன்புதான். அதை வாங்கிக்கொண்டு நேரே ரத வீதிக்கு வருகிற கூட்டத்தில் நின்று போட்டுப் பார்த்து எடுக்க யாருக்கும் இடம் இல்லை. தையற்கடையிலும் அதற்குள் ஆர்டர் நின்றுபோயிருக்கும். ரெடிமேடுதான் வழி, அளவு தவறுவதும் அங்கேதான் அதிகம். கடைசி வாரத்தில் ‘பண்டிகைக் காலத்தில் மாற்றம் கிடையாது’ என்று பலகை மாட்டுவது இவர்களைத்தான் பாதிக்கிறது.

எங்கள் யோசனை செலவில்லாதது. பண்டிகைக்கு முந்தின மூன்று மாதத்தில் போடுகிற பில்களில், மாற்றும் கெடுவை பில் தேதியிலிருந்து எண்ணாமல் பண்டிகை நாளிலிருந்து எண்ணலாம். விலை இல்லாமல் பொருளின் எண்ணும் தேதியும் மட்டும் உள்ள இரண்டாவது பில் ஒன்றையும் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். விலை தெரிந்துவிடுமே என்றுதான் கொடுக்கிறவர் பில்லைக் கிழித்துப் போடுகிறார், பில் இல்லாமல்தான் பெற்றுக்கொண்டவர் மாற்ற முடியாமல் தவிக்கிறார். கம்ப்யூட்டரில் பில் போடுகிற கடைக்கு இது பெரிய வேலை இல்லை. கையால் எழுதுகிற சின்னக் கடை ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டால் போதும்: ‘தீபாவளி கழிந்து 10 நாள் வரை மாற்றலாம். சீட்டு கிழிக்காமல், மஞ்சள் படாமல் கொண்டுவரவும்.’

இப்படிக்கு,
ஜவுளி, தையல், செருப்புக் கடைத் தொழிலாளர்கள் சிலர்,
திருநெல்வேலி டவுண்.